ஊதா முத்திரை

தோலுரித்த மாட்டுத் தலை ஒன்று கொக்கியில் ஆடியபடி வருகிறது. வெள்ளைத் தலைக்கவசமும் ரப்பர் பூட்ஸும் போட்ட ஆய்வாளர் அதன் கன்னத்தைப் பிடித்து, தாடை எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்குகிறார். தசை ஏடு விரிவதுபோலப் பிரிகிறது. உள்ளே ஒரு பார்வை. பிறகு தாடைக்கடியிலும் காதடியிலும் தொண்டைக்குப் பின்னாலும் இருக்கும் நெறிகளை ஒவ்வொன்றாகச் சீவிப் பார்க்கிறார். கத்தியைக் கடுஞ்சூட்டில் இருக்கும் தண்ணீரில் முக்கி எடுக்கிறார். அதற்குள் அடுத்த தலை வந்துவிட்டது. அமெரிக்காவின் பெரிய இறைச்சி ஆலைகளில் மணிக்கு 300 மாடுகளுக்கு மேல் இப்படிக் கடந்து போகும்.

இத்தனை இடம் இருக்க ஏன் கன்னம்? மாடு நாள் முழுக்க அசைபோடும் பிராணி. ஓயாமல் உழைக்கும் தசைக்கு ரத்தம் நிறையப் பாயும். மனிதக் குடலில் வாழும் நாடாப்புழு ஒன்றின் குஞ்சுகள் மாட்டின் ரத்தத்தில் பயணம் செய்து, இப்படி உழைக்கும் தசையாகப் பார்த்துத்தான் குடியேறும்: கன்னம், நாக்கு, இதயம், உதரவிதானம். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய, நீர் கோத்த கொப்புளமாக அங்கே காத்திருக்கும். அரைவேக்காட்டு மாட்டிறைச்சியோடு அது மனித வயிற்றுக்குள் போனால் மறுபடி புழுவாகும். நெறிகளைச் சீவுவது காசநோய்க்காக. நோய் கண்ட மாட்டின் நெறிக்குள் பாலாடைக் கட்டிபோல உதிரும் திட்டுகள் இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் உடலின்மேல் ஊதா நிற மையில் வட்ட முத்திரை விழும். தின்றாலும் கெடுதல் செய்யாத மை. ஆய்வு செய்து தேர்ச்சி தரப்பட்டது என்பது அந்த முத்திரையின் பொருள். அரசாங்க ஆய்வாளர் இல்லாமல் அங்கே ஒரு மாட்டையும் அறுக்க முடியாது. அவர் கத்தியை வைத்துவிட்டு வெளியே நடந்தால் ஆலை நின்றுபோகும். எண்ணிப் பார்த்தால், வேறு எந்த உணவுத் தொழிலிலும் அரசாங்கம் இவ்வளவு நெருக்கத்தில், பொருளைத் தொட்டுக்கொண்டு நிற்பதில்லை.

அப்படி நிற்பவர் எதைத் தேடும்படி பழக்கப்பட்டிருக்கிறார், எது அவர் கண்ணில் படவே படாது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் சங்கதி.

கதை பன்றியில் தொடங்குகிறது. 1835-இல் லண்டனில் ஜேம்ஸ் பேஜட் என்ற மருத்துவ மாணவர், பிணத்தை அறுத்துப் படிக்கும்போது தசையில் வெள்ளைப் புள்ளிகளைக் கவனித்தார். கத்தியை மழுங்க வைக்கும் அந்த மணல் துணுக்குகளை அவருக்கு முன்பும் பலர் பார்த்துவிட்டு, சும்மா ஒதுக்கியிருந்தார்கள். பேஜட் ஒரு நுண்ணோக்கியை இரவல் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு சுருண்ட புழு. டிரைக்கினெல்லா என்று இன்று அழைக்கப்படும் அது ஆபத்தானது என்பது தெரிய இன்னும் 25 ஆண்டுகள் ஆயின. 1860-இல் டிரெஸ்டன் நகரில், டைபாய்டு என்று நினைத்துச் சிகிச்சை அளிக்கப்பட்ட பணிப்பெண் ஒருத்தி இறந்தாள். அவள் தசையெங்கும் புழுக்கள் நெளிவதைக் கண்ட ஃபிரெடரிக் ஸெங்கர், அவள் வேலை செய்த வீட்டுக்கே போய் கிறிஸ்துமஸுக்கு அடித்த பன்றியின் மிச்ச இறைச்சியைத் தேடி எடுத்தார். அதிலும் அதே புழு இருந்தது. 1865-இல் ஹெடர்ஸ்லேபன் என்ற ஜெர்மானிய ஊரில் ஒரே பரவலில் நூறு பேர் அளவுக்கு மாண்டார்கள்.

பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோ, விற்கும் ஒவ்வொரு பன்றியையும் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும் என்று வாதாடினார். உயிரணு நோயியலின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் அதே விர்ஷோ. பிஸ்மார்க் ஒருமுறை இவரை ஒற்றைச் சண்டைக்கு அழைத்தது உண்மை. ஆயுதமாக விர்ஷோ இரண்டு சாஸேஜ்களைத் தேர்ந்தெடுத்தார், ஒன்றில் புழு என்பது மட்டும் பின்னால் யாரோ திரித்த சரடு. சரடானாலும் ஆளுக்குப் பொருத்தமான சரடுதான்.

ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நாடுகள் 1879-க்கும் 1883-க்கும் இடையில், புழுவைக் காரணம் காட்டி அமெரிக்கப் பன்றி இறைச்சிக்குக் கதவை மூடின. உள்ளூர் பன்றி வியாபாரிகளைக் காப்பதும் அதில் ஓர் உள்நோக்கம் என்பதை எல்லோரும் அறிவார்கள். அமெரிக்க அரசு விழித்துக்கொண்டது இதற்குப் பிறகே. 1891-இல் ஏற்றுமதி இறைச்சிக்கு ஆய்வு வந்தது. பன்றித் தசைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்க்கப் பெண்களை வேலைக்கு அமர்த்தினார்கள். ஆக, அந்த நாட்டின் இறைச்சி ஆய்வு முதலில் காத்தது ஜெர்மானியரின் வயிற்றையும் அமெரிக்கரின் வியாபாரத்தையும். உள்நாட்டுக்காரன் வயிறு கணக்கில் வர ஒரு நாவல் தேவைப்பட்டது.

அப்டன் சின்க்ளேர் 1904-இல் சிகாகோ இறைச்சி ஆலைகளுக்கிடையே ஏழு வாரம் திரிந்து எழுதிய ‘தி ஜங்கிள்’ 1906 பிப்ரவரியில் புத்தகமாக வந்தது. தொழிலாளர்கள் படும் பாட்டைச் சொல்லி நாட்டின் நெஞ்சைத் தொட நினைத்தேன், அடி வயிற்றில் விழுந்துவிட்டது என்று அவரே பின்னால் நொந்துகொண்டார். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு இந்த சோஷலிச எழுத்தாளர்மேல் நம்பிக்கை இல்லை. நேரில் பார்த்துவர சார்லஸ் நீல், ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் என்ற இருவரை அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த அறிக்கையில் ஒரு காட்சி: கழுவிச் சுத்தம் செய்த பன்றி ஒன்று கம்பியிலிருந்து நழுவி, அழுக்குத் தரையில் சறுக்கிப் போய், ஆண்கள் கழிப்பறைக்குள் பாதி உடல் நுழைந்து நிற்கிறது. இரண்டு பேர் அதைத் தூக்கி வண்டியில் போட்டு, குளிரறையில் மற்றப் பன்றிகளோடு மாட்டிவிடுகிறார்கள். கழுவவில்லை.

1906 ஜூன் 30 அன்று கூட்டாட்சி இறைச்சி ஆய்வுச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அறுப்பதற்கு முன் ஒவ்வொரு பிராணியையும், அறுத்தபின் ஒவ்வொரு உடலையும் அரசாங்க ஆள் பார்ப்பார். ஆலையின் சுத்தமும் அவர் பொறுப்பு. ஆய்வுச் செலவை ஆலைகள் கட்டவேண்டும் என்று செனட்டர் பெவரிட்ஜ் விரும்பினார். நடக்கவில்லை, ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் அரசுக் கருவூலத்திலிருந்தே ஒதுக்கினார்கள். ஒரு மாநிலத்துக்குள்ளேயே அறுத்து அங்கேயே விற்கும் ஆலைகள் இந்தச் சட்டத்துக்குள் வர 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1906-இல் ஓசையில்லாமல் இன்னொன்றும் நடந்தது. பன்றி இறைச்சிக்கான நுண்ணோக்கி ஆய்வைக் கைவிட்டார்கள். ஒரு துணுக்கில் புழு இல்லை என்பதால் முழுப் பன்றியிலும் இல்லை என்று ஆகாது. சோதித்தாயிற்று என்று நம்பி மக்கள் சரியாக வேகவைக்காமல் தின்றுவிடுவார்கள் என்பது வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள்: மேலைநாடுகள் கிருமி இயலில் பாய்ந்து முன்னேறிக்கொண்டிருந்த காலத்தில், இறைச்சி ஆய்வாளரின் கையில் மிஞ்சியவை கண்ணும் மூக்கும் விரலும் கத்தியும். குத்திப் பார், மோந்து பார். பின்னாளில் இந்த முறையைக் கேலி செய்தவர்கள் வைத்த பெயரும் அதுவே.

கேலி எளிது. அந்த முறை தன் வேலையை நன்றாகச் செய்தது என்பதையும் சொல்லவேண்டும். ராபர்ட் ஃபான் ஆஸ்டர்டாக் என்ற ஜெர்மானியக் கால்நடை மருத்துவர், எந்த நோய் எந்த நெறியில் தங்கும், எங்கே கீறினால் தெரியும் என்று உடலை வரைபடம்போல வகுத்துக் கொடுத்திருந்தார். காசநோய் மாடு, சீழ்க்கட்டி கட்டிய ஈரல், காய்ச்சலில் சிவந்த உடல் எல்லாம் அந்த வலையில் சிக்கின. சிக்கச் சிக்க மந்தைகளிலும் நோய் குறைந்தது. கண்ணுக்குத் தெரியும் எதிரிகள் ஒவ்வொன்றாக ஒழிந்தார்கள். மிஞ்சியது கண்ணுக்குத் தெரியாதது.

1971-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் வழக்குத் தொடுத்தது. சால்மொனெல்லா இருக்கக்கூடிய இறைச்சியில் ‘ஆய்வு செய்து தேர்ச்சி’ என்று முத்திரை குத்துவது மக்களை ஏமாற்றுவது, எச்சரிக்கையாவது போடுங்கள் என்றது. 1974-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. நீதிமன்றம் சொன்ன காரணத்தின் சாரம், அமெரிக்க இல்லத்தரசிகள் முட்டாள்கள் அல்லர், சமைக்கத் தெரிந்தவர்கள் என்பது. கிருமி இறைச்சிக்கு இயல்பு, கொல்லவேண்டியது அடுப்பு, அடுப்புக்குப் பொறுப்பு வீட்டுப் பெண். ஆலையும் அரசும் முத்திரையோடு ஒதுங்கிக்கொள்ளலாம்.

1982-இல் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு ரத்தமாக வயிற்றுப்போக்குக் கண்டது. அதிலிருந்து பிரித்தெடுத்தது ஈ.கோலை வகைகளில் ஒன்று: ஓ157:எச்7. நம் எல்லோர் குடலிலும் ஈ.கோலை உண்டு, பெரும்பாலானவை சாது. இது ஷிகா நஞ்சைச் சுரக்கும் வகை. அந்த நஞ்சு சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு அவற்றை அழிக்கும். சிறு குழந்தைகளுக்குச் சிறுநீரகமே செயலிழக்கக்கூடும். மாட்டின் குடல் ரத்தக்குழாய்களில் அந்த நஞ்சு ஒட்டிக்கொள்ளும் இடம் இல்லை. அதனால் கிருமியைக் கோடிக்கணக்கில் சுமக்கும் மாடு கொழுகொழுவென்று, கண்ணில் ஒளியோடு, ஆய்வாளர் முன் நடந்து வரும். நெறியில் திட்டு இருக்காது, ஈரலில் கட்டி இருக்காது. ஆஸ்டர்டாக்கின் வரைபடத்தில் இந்த மாடு ஆரோக்கியமான மாடு.

கிருமி இருப்பது சாணத்தில். தோலை உரிக்கும்போது அதில் காய்ந்து ஒட்டிய சாணத்தூள் இறைச்சிமேல் படலாம். குடலை வெளியே எடுக்கும்போது கத்தி தவறினால் கொட்டலாம். மலக்குடலின் வாயைப் பையால் இறுகக் கட்டுவதும் உணவுக்குழாயை முடிச்சிட்டு மூடுவதும் அதனால்தான். பத்திலிருந்து நூறுக்குள் எண்ணிவிடக்கூடிய அளவு கிருமி போதும், நோய் வந்துவிடும். அந்த அளவு சாணத்தை எந்தக் கண்ணும் காணாது.

முழுத் துண்டாக இருக்கும்வரை அதுவும் பெரிய ஆபத்தில்லை. கிருமி மேற்பரப்பில் இருக்கும், கல்லில் போட்டுச் சுட்டால் மேற்பரப்புத்தான் முதலில் வேகும். கொத்துக்கறி ஆக்கும்போது கணக்கு தலைகீழாகிறது. அரவை இயந்திரம் மேலே இருந்ததை உள்ளே புகுத்திவிடுகிறது. நம் ஊர்க் கறிக்கடையில் கண்முன் கொத்தித் தருவது ஓர் ஆட்டின் கறி. ஹாம்பர்கர் வட்டு ஒன்றிலோ நூற்றுக்கணக்கான மாடுகளின் துணுக்குகள் கலந்திருக்கக்கூடும். அவற்றில் ஒரு மாடு போதும்.

1993 ஜனவரியில் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனைக்கு ரத்தப்போக்கோடு பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஜாக் இன் தி பாக்ஸ் என்ற உணவகத் தொடரின் ஹாம்பர்கர்கள் காரணம் என்று தெரிந்தது. நான்கு மாநிலங்களில் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். வாஷிங்டன் மாநில விதி இறைச்சியின் உள்வெப்பம் 68 டிகிரி செல்சியஸ் வரவேண்டும் என்றது. கூட்டாட்சி அளவு 60. உணவகம் மாநில விதியைப் பின்பற்றவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் ஓ157 நோயை மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்கவேண்டும் என்ற விதி முன்பே இருந்ததால்தான் அங்கே விரைவில் பிடிபட்டது. பரவல் மற்ற மூன்று மாநிலங்களிலும் இருந்தது. தேடியவர்கள் கண்ணில் முதலில் பட்டது. அந்த இறைச்சி முழுவதும் ஊதா முத்திரை தாண்டி வந்தது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில், வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற மைக்கேல் டெய்லர், இறைச்சித் தொழிலதிபர்கள் கூடிய மேடையில் ஏறி, அரைத்த மாட்டிறைச்சியில் ஓ157 இருந்தால் அது இனிமேல் கலப்படப் பொருள் என்று அறிவித்தார். கலப்படம் என்றால் நமக்கு மிளகில் பப்பாளி விதையும் பாலில் தண்ணீரும்தான் நினைவு வரும். அமெரிக்கச் சட்டத்தில் அந்தச் சொல்லின் வீச்சு பெரிது: வழக்கமான முறையில் உண்டால் கேடு தரும் எதுவும் அதற்குள் வரும். தொழில்துறை நீதிமன்றம் போய்த் தோற்றது. மக்கள் ஹாம்பர்கரை நடுவில் சிவப்பாக இருக்கும்போதே தின்பது வழக்கம், அந்த வழக்கமான சமையல் இக்கிருமியைக் கொல்லாது, எனவே கலப்படம் என்றது தீர்ப்பு. ஒரு பாக்டீரியாவின் சட்டத் தகுதியை ஒரு நாட்டின் சமையல் பழக்கம் தீர்மானித்த விந்தை இது. இந்தப் பகுதியை எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: அமெரிக்கர்களும் நம்மைப்போலக் குழம்பில் கொதிக்கவைத்துத் தின்பவர்களாக இருந்திருந்தால் அந்த வழக்கு எப்படி முடிந்திருக்கும்?

கண்டுபிடித்தால் கலப்படம், சரி. எப்படிக் கண்டுபிடிப்பது? சோதனைக்கூடத்தில் என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டன் கணக்கில் இருக்கும் ஓர் இறைச்சிக் குவியலிலிருந்து 60 துண்டு எடுத்துச் சோதிப்பது அந்தத் தொழிலில் நடைமுறை. துண்டுகளில் நூற்றுக்கு ஐந்தில் கிருமி இருந்தால், 60-இல் ஒன்றாவது அகப்பட 95 சதவீதம் வாய்ப்பு. நல்ல வலை. ஆனால் ஆயிரத்தில் ஒன்றில்தான் கிருமி என்றால் வாய்ப்பு 6 சதவீதத்துக்கும் கீழே. பதினேழு முறை சோதித்தால் பதினாறு முறை ‘சுத்தம்’ என்றே விடை வரும். கிருமி எவ்வளவு அரிதோ அவ்வளவுக்குச் சோதனை குருடு.

இதே கணக்கை 1960-களில் விண்வெளிக்கு உணவு செய்தவர்கள் போட்டிருந்தார்கள். நாசாவுக்காக பில்ஸ்பரி நிறுவனத்தின் ஹோவர்ட் பாமன் குழு தயாரித்த உணவில் ஒரு கிருமிகூட இருக்கக்கூடாது. விண்கலத்தில் வாந்திபேதி கண்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவே விரும்பவில்லை. அதை உறுதிசெய்யச் செய்த உணவில் பெரும்பகுதியைச் சோதனைக்கே பலியிட வேண்டியிருந்தது. எனவே செய்த பொருளைச் சோதிப்பதை விட்டுவிட்டு, செய்யும் வழியைக் காவல் காக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். எந்தெந்தப் படியில் ஆபத்து நுழையும், எந்தப் படியில் தடுத்தே தீரவேண்டும், அங்கே வெப்பம் எத்தனை, நேரம் எத்தனை, தவறினால் என்ன செய்வது, யார் எழுதி வைப்பது. ஹாசப் (HACCP) என்று சுருக்கி அழைக்கப்படும் இந்த முறையை 1996-இல் எல்லா இறைச்சி ஆலைகளுக்கும் அரசு கட்டாயமாக்கியது. உரித்த உடல்களை வெந்நீராலும் நீராவியாலும் கழுவுவது, லாக்டிக் அமிலம் தெளிப்பது எல்லாம் அந்தக் காலத்தில் பரவியவை.

ஆய்வாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. கத்தியைப் பிடித்த கையில் கோப்பைக் கொடுத்தார்கள். ஆலை எழுதிவைத்ததைச் சரிபார்ப்பதே வேலையாகிப் போனது என்று குமுறினார்கள். ஹாசப்பின் ஆங்கில எழுத்துகளை வைத்து அவர்கள் கட்டிய புது விரிவாக்கம்: ‘ஒரு காபி குடித்துவிட்டுக் கடவுளை வேண்டிக்கொள்.’

அவர்கள் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதியை அவர்கள் கத்தியே கெடுக்கிறது. நெறியைச் சீவும்போது, ஈரலைத் தடவும்போது, கிருமி ஒரு பன்றியிலிருந்து இன்னொரு பன்றிக்கு ஆய்வாளரின் கை வழியாகவே போகலாம். சால்மொனெல்லா தங்க விரும்பும் இடங்களில் நெறியும் ஒன்று. அதைத் திறந்துவிடுவது அவர் வேலை. ஐரோப்பிய ஒன்றியம் இதை ஏற்றுக்கொண்டு, 2014 ஜூன் முதல் வழக்கமான பன்றி ஆய்வில் தொடாதே, கீறாதே, பார்த்தால் போதும் என்று விதியை மாற்றியது. சந்தேகம் வந்தால் மட்டும் கத்தி. நூறாண்டு மரபின் அடையாளமாக இருந்த வெட்டே மாசு பரப்பும் வழி என்று அந்த மரபு பிறந்த கண்டமே ஒப்புக்கொண்டதை நான் துணிச்சல் என்றுதான் சொல்வேன்.

அமெரிக்காவில் அதே அறிவியல் வேறொரு ஆசையோடு கைகோத்துக்கொண்டது. அது வேகம். பழைய முறையில் ஓர் ஆய்வாளர் நிமிடத்துக்கு 35 கோழி பார்ப்பார். அதுவே ஒரு கோழிக்கு இரண்டு விநாடி இல்லை. 2014-இல் வந்த புதிய முறையில், ஆலையின் ஆட்களே முதலில் பொறுக்கித் தள்ளிவிட, வரிசையின் கடைசியில் நிற்கும் ஒரே அரசு ஆய்வாளர் முன் நிமிடத்துக்கு 140 கோழி வரை ஓடலாம். கண்ணால் கிருமி தெரியாது என்பது உண்மை. அதனால் கண் எவ்வளவு வேகமாகப் பார்த்தாலும் ஒன்றுதான் என்பது அந்த உண்மையிலிருந்து பிறக்கவில்லை. லாபக் கணக்கிலிருந்து பிறந்தது.

சட்டத்தின் பல் எவ்வளவு கூர் என்பது டெக்சாஸில் தெரிந்தது. சுப்ரீம் பீஃப் என்ற அரவை ஆலை சால்மொனெல்லாச் சோதனையில் மூன்று முறை தோற்றது. அரசு ஆய்வாளர்களைத் திரும்பப் பெற்று ஆலையை நிறுத்த முயன்றது. 2001-இல் நீதிமன்றம் ஆலையின் பக்கம் நின்றது: சால்மொனெல்லா வாங்கிய இறைச்சியோடு வந்திருக்கலாம், அதை வைத்து இந்த ஆலை அசுத்தம் என்று சொல்ல முடியாது.

அசுத்தம் கண்ணுக்கே தெரிந்தால்? வர்ஜீனியாவின் ஜாரட் என்ற ஊரில் போர்ஸ் ஹெட் நிறுவனத்தின் ஆலை இருந்தது. சமைத்துக் குளிரவைத்து விற்கும் இறைச்சி வகைகள். இங்கே எதிரி லிஸ்டீரியா, குளிர்ப்பெட்டிக்குள்ளும் பெருகும் பாக்டீரியா. 2023 ஆகஸ்ட் முதல் ஓராண்டில் ஆய்வாளர்கள் அங்கே 69 குறைபாட்டுக் குறிப்புகள் எழுதினார்கள். பூஞ்சை, பூச்சிகள், தரையில் தேங்கிய ரத்தம், கெட்ட நாற்றம். குத்திப் பார்க்கக்கூட வேண்டாம், மோந்தாலே தெரிகிற விஷயங்கள். பார்த்தார்கள், மோந்தார்கள், எழுதினார்கள். ஆலை ஓடியது. 2024 ஜூலையில் ஈரல் சாஸேஜில் லிஸ்டீரியா கண்டுபிடிக்கப்பட்டு, 3,000 டன்னுக்கு மேல் இறைச்சி திரும்பப் பெறப்பட்டது. 19 மாநிலங்களில் பரவிய நோய் கடைசியில் 61 பேரைத் தாக்கி 10 பேரைக் கொன்றது. செப்டம்பரில் ஆலையை மூடினார்கள். அந்த 69 குறிப்புகளும் பத்திரமாகக் கோப்பில் இருந்தன.

இனி ஒரு பெயரைச் சொல்லவேண்டும். 1884-இல் அமெரிக்க அரசு தொடங்கிய கால்நடைத் தொழில் பணியகம்தான் பின்னாளில் இறைச்சி ஆய்வை நடத்தியது. அதன் முதல் தலைவர் டேனியல் சால்மன், கால்நடை மருத்துவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் தியோபால்ட் ஸ்மித் பன்றியிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவின் இனத்துக்குத் தலைவரின் பெயரையே வைத்தார்கள்: சால்மொனெல்லா.

அந்த சால்மொனெல்லா பச்சைக் கோழியில் இருப்பது அமெரிக்கச் சட்டப்படி இன்னும் கலப்படம் ஆகவில்லை. 2024 ஏப்ரலில், உள்ளே பூரணம் வைத்து மேலே ரொட்டித்தூள் தோய்த்த ஒருவகைக் கோழிப் பண்டத்துக்கு மட்டும், கிராமுக்கு ஒரு கிருமி இருந்தாலே கலப்படம் என்று முடிவெடுத்தார்கள்; பார்க்க வெந்ததுபோல இருப்பதால் மக்கள் ஏமாந்துவிடுகிறார்கள் என்று. அதே ஆண்டு ஆகஸ்டில் மற்றக் கோழி இறைச்சிக்கும் வரம்பு வைக்க ஒரு வரைவு வந்தது. 2025 ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆகவே அங்கே கடையில் வாங்கும் கோழிப் பொட்டலத்தில் வட்ட முத்திரை இருக்கும், உள்ளே சால்மொனெல்லாவும் இருக்கலாம், இரண்டும் சட்டப்படி செல்லும். முத்திரைக்குப் பக்கத்தில், சியாட்டில் குழந்தைகள் இறந்த மறு ஆண்டு கட்டாயமாக்கப்பட்ட ஒரு சிறிய ஒட்டுச்சீட்டும் இருக்கும். குளிரில் வை, மற்ற உணவோடு சேர்க்காதே, கையைக் கழுவு, நன்றாக வேகவை என்று படம் போட்டுச் சொல்லும்.